கறுப்புக் காரும் கிணற்றுத் தண்ணீரும்

எனது முதல் கார் சாம்பல் நிறம். காகம் எச்சமிட்டாலும், கொழும்பிலிருந்து காலிக்குப் போகிற காலி வீதியில் பஸ்கள் புகை கக்கினாலும், கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து அப்பினாலும் அது முகம் மாறாது. வருடத்தில் நான்கைந்து தடவை, அதுவும் யாராவது விருந்தினர் வருகிறார்கள் என்றால் மட்டும், ஒரு வாளி தண்ணீரை அதன்மேல் ஊற்றுவேன். கழுவினாலும் ஒன்றுதான், கழுவாவிட்டாலும் ஒன்றுதான் என்று அது நிற்கும். அதை விற்றுவிட்டு, ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்கு வருகிற ஒருவித மயக்கத்தில், கறுப்புக் கார் ஒன்றை வாங்கினேன். புதியதல்ல, எனக்கு முன் இன்னொருவர் ஓடியதுதான். ஆனாலும் கறுப்பு. அதன் கதவில் முகம் பார்த்துத் தலை சீவலாம். சீவுவதற்குத் தலையில் ஏதாவது மிஞ்சியிருந்தால்.

வாங்கிய அன்றைக்கே வெள்ளவத்தைப் பிள்ளையார் கோயில் வாசலில் நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அந்தத் தேசிக்காயைப் பற்றி அப்போதே கொஞ்சம் யோசித்திருந்தால் பிறகு நடந்ததில் பாதி நடந்திராது.

கறுப்புக் கார் வந்த சில மாதங்களில் என் கைத்தொலைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. மனைவியின் அண்ணன். கொட்டாஞ்சேனையில் இருப்பவர், துறைமுகத்தில் எழுதுவினைஞராக வேலை பார்ப்பவர். அவர் என் இலக்கத்துக்கு எடுத்தது அதுதான் முதல் தடவை. யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்து எழுந்து நின்றே பேசினேன்.

"மகளுக்கு உங்கட கறுப்புக் கார்ல தான் கோயிலுக்குப் போகணுமாம்," என்றார். "அடுத்த மாசம் கல்யாணம், தெரியும் தானே. குடுப்பீங்களா?"

"என்ன கேள்வி இது. தாராளமா."

"நீங்களே ஓடினா நல்லம்," என்றார். உடனே தொலைபேசியை வைத்துவிட்டார்.

இந்தச் சிறிய பேச்சு எனக்கு ஏன் பெரிதாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நான் யாழ்ப்பாணத்துச் சைவம், மனைவி கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கம். அவர்களுக்குக் கோயில் என்றால் தேவாலயம். எங்கள் பதிவுத் திருமணத்துக்கு அவள் வீட்டிலிருந்து வந்தவர் இந்த அண்ணன் ஒருவர்தான். மோட்டார் சைக்கிளில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கதவோரமாக நின்றார். படம் எடுப்பவர், "அண்ணே, அதக் கீழ வைங்க," என்று கேட்டும் வைக்கவில்லை. எங்கள் திருமணப் படத்தில் இன்றைக்கும் அவர் அந்த ஹெல்மெட்டோடுதான் நிற்கிறார், இப்போதே புறப்பட வேண்டியவர்போல.

அதற்குப் பிறகு சண்டை என்று ஒன்றும் இருக்கவில்லை. மரியாதை இருந்தது, அதுதான் வில்லங்கம். கிறிஸ்மஸுக்கு அவர் வீட்டுக் கேக் எங்களுக்கு வரும். பொங்கலுக்கு எங்கள் பொங்கல் அவர் வீட்டுக்குப் போகும். பாத்திரங்கள் மட்டும் நெருங்கிய உறவினர்கள்போல வந்து போயின. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர் தொடக்கம் பேலியகொடையில் மீன் விற்பவர் வரை அவருக்கு எல்லோரும் மச்சான்தான். உண்மையிலேயே மச்சானான என்னைத் தவிர. என்னை அவர் எப்படியும் கூப்பிட்டதில்லை. பெயரோ முறையோ வராதபடி இத்தனை வருடங்களாக வசனங்களை அமைத்துக்கொண்டார். இலக்கணத்தில் நல்ல கெட்டிக்காரராக இருக்க வேண்டும்.

அப்படிப்பட்டவர் மகளைக் கோயிலுக்கு ஏற்றிப்போகக் கேட்கிறார். நான் ஆடாமல் இருப்பேனா?

கல்யாணம் ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவ இறங்கினேன். சேவிஸ் ஸ்டேஷனில் கொடுக்கச் சொல்லி மனைவி சொன்னாள். "எங்கட பிள்ளை போற கார். எங்கட கையால கழுவினாத்தான் அழகு," என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காய்கறி வெட்டப் போனாள்.

எங்கள் தொடர்மாடியின் கார் நிறுத்துமிடத்தில் இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்று பைப் தண்ணீர், நகரத்துக்கு வருகிற ஆற்றுத் தண்ணீர். அதற்குப் பூட்டு. மற்றது குழாய்க்கிணற்றுத் தண்ணீர். மலசலகூடங்களுக்கும் படி கழுவவும் என்று தோண்டியது, அதற்குப் பூட்டு இல்லை. பைப் தண்ணீரில் யாரும் வாகனம் கழுவக் கூடாது என்று முகாமைக் குழுவில் ஒரு தீர்மானம் இருக்கிறது. அதைக் கொண்டுவந்தவன் நான். சாம்பல் கார் வைத்திருந்த காலத்தில் எனக்கு நாட்டின் நீர்வளம் பற்றிப் பெரிய கவலை இருந்தது. "எக்காரணம் கொண்டும்" என்ற சொற்களைச் சேர்த்தவனும் நான்தான்.

உண்மையைச் சொன்னால், பூட்டு இல்லாதிருந்தாலும் நான் கிணற்றுத் தண்ணீரைத்தான் எடுத்திருப்பேன். பைப் தண்ணீரை நாங்கள் மனதுக்குள் ஒரு தண்ணீராக ஒத்துக்கொண்டதே இல்லை. கொழும்புக்கு வந்து எத்தனை வருடமானாலும், கிணற்றில் அள்ளிக் குளித்தால்தான் குளித்த மாதிரி என்று சொல்லிக்கொண்டே ஷவரின் கீழ் நிற்கிற கூட்டம் நாங்கள். காருக்கும் அதே மருந்துதான் என்று நினைத்தேன்.

பத்து மணி தாண்டியிருந்தது. நிழலில் கார் சரியாகத் தெரியவில்லை என்று வாசல் வெயிலுக்கு இறக்கினேன். ஹோஸை இழுத்து, உச்சந்தலையில் ஊற்றுவதுபோல நடுக்கூரையிலிருந்து தண்ணீர் ஊற்றினேன். சவர்க்கார நுரை போட்டேன். திரும்பவும் ஊற்றினேன். துடைப்பதற்குப் பதிலாக, காற்றில் தானாகக் காயட்டும் என்று விட்டுவிட்டு மேலே போய் இரண்டு தோசையும் ஒரு தேநீரும் சாப்பிட்டேன். நான் செய்த வேலைகளில் எனக்கு அதிக திருப்தி தந்தது அந்தத் தேநீர்.

கீழே வந்தபோது கார் முழுவதும் வெள்ளைப் புள்ளி. பொனட், கூரை, கதவுகள், கண்ணாடிகள். ஒவ்வொரு துளியும் காய்ந்த இடத்தில் தன் எல்லையைக் கோடு போட்டு அடைத்துவிட்டுப் போயிருந்தது. அம்மை போட்ட குழந்தைபோலக் கார் நின்றது.

இரண்டாம் மாடி பல்கனியிலிருந்து ஒரு குரல். எங்கள் முகாமைக் குழுவின் செயலாளர், வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற ஓர் அக்கா. பைப்புக் குழாய்ப் பூட்டின் திறப்பு அவரிடம்தான்.

"என்ன தம்பி, காருக்கு விபூதி பூசினனீரோ?"

"இல்லை அக்கா, காயுது."

"கல்யாணப் பொம்பிளை வேதக்காரப் பிள்ளை எல்லோ. கோயில்ல உள்ளுக்கு விடுவினமோ தெரியாது."

நான் செய்தது என்ன என்றால், மறுபடியும் அதே தண்ணீரில் கழுவினேன். முன்னையதைவிடக் கூடுதலாக ஊற்றினேன். அதே வெயிலில் நின்று, இந்த முறை சாப்பிடப் போகாமல், நடக்கிறதைக் கண்ணால் பார்த்தேன். துளி சுருங்கச் சுருங்க அதன் விளிம்பு வெளுத்தது. தண்ணீர் மட்டும்தான் போகிறது, அது கொண்டுவந்தது போகவில்லை. பள்ளிக்கூடத்தில் இதைப் பாடமாகப் படித்து நல்ல புள்ளியும் வாங்கியவன் நான். ஆனால் சொந்தக் காரில்தான் விளங்கியது.

திங்கட்கிழமை மாலை மனைவியின் அண்ணன் வந்தார். ரிப்பன் எவ்வளவு நீளம் வேண்டும் என்று அளக்க வந்தவர், கையில் ஹெல்மெட். பொனட்டைச் சுற்றி ஒரு முறை நடந்தார். சுட்டுவிரலால் ஒரு புள்ளியைத் தேய்த்துப் பார்த்தார். அது அசையவில்லை. நான் கழுவின கதையைச் சுருக்கமாகவும், முட்டாள்தனத்தைக் கொஞ்சம் குறைத்தும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை.

"சனிக்கிழமைக்குள்ள சரிவருமா?"

"ஓம், ஓம். நான் பாக்கிறன்."

"சரிவராட்டி சொல்லுங்க. வேற ஒழுங்கு செய்யலாம்."

அளக்காமலே போய்விட்டார். வேற ஒழுங்கு. அந்த இரண்டு சொற்கள் என் காதுக்குள் இருந்துகொண்டன. வேற ஒழுங்கு என்றால் பூப்போட்ட வாடகைக் கார் ஒன்று, அதில் யாரோ ஒரு சாரதி. நான் பின்வரிசையில், பட்டு வேட்டியோடு, கேக் துண்டுக்காகக் காத்திருக்கும் விருந்தினன். இத்தனை வருடமும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் இடையில் ஒருவர் தொலைபேசி எடுத்துக் கேட்டுவிட்டாரே.

சேவிஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். மெஷின் போட்டுத் தேய்க்க வேண்டும், கார் இரண்டு நாள் நிற்க வேண்டும், இந்த வாரம் இடமில்லை என்றார்கள். வீட்டுக்கு வந்து சமையலறைக் கதவில் சாய்ந்து நின்று, இதைப் பெரிய துக்கமாக மனைவிக்குச் சொன்னேன். அவள் அடுப்பில் கேத்தலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க அம்மா வீட்டுக் கேத்தல் உள்ளுக்கு எப்பிடி இருக்கும்?" என்று கேட்டாள்.

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"கேட்டதுக்குச் சொல்லுங்க."

"வெள்ளையா. சுண்ணாம்பு படிஞ்சு, தட்டினாச் செதில் செதிலா விழும்."

"அதை எதால எடுப்பாங்க?"

"தேசிக்காயால," என்றேன். சொல்லி முடித்ததும் வாயை மூட மறந்து நின்றேன்.

"நான் பைப் தண்ணியில வளந்தவ," என்றாள். "எனக்கே தெரியுது. நீங்க யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லுக்கு மேல பொறந்த ஆள்."

நான்கு சக்கரத்துக்கும் கீழே தேசிக்காய் நசிக்கத் தெரிந்தவனுக்கு, அதன் சாற்றைக் கொஞ்சம் மேலே கொண்டுவரத் தெரியவில்லை. இருந்தாலும் பெயின்றுக்குத் தேசிப்புளி கடுமையாக இருக்கும் என்று அவளே தடுத்தாள். அச்சாறு ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினாகிரியை எடுத்து, அதே அளவு பைப் தண்ணீரில் கலந்து, முதலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். என் காருக்கு இப்படி ஒரு நிர்வாகி வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறாள்.

மறுநாள் அதிகாலை, வேலைக்குப் போக முன், கீழே நிழலுக்குள் கார் குளிர்ந்து நிற்கும்போது இறங்கினேன். பின்கதவின் கீழ் மூலையில் வினாகிரித் துணியை ஒற்றி, ஒரு நிமிடம்போல விட்டுவிட்டு, நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்தேன். கறுப்பு திரும்பி வந்திருந்தது. அந்தச் சின்ன மூலையில் என் முகம் தெரிந்தது. வேறொரு சந்தர்ப்பத்தில் அந்த முகத்தைப் பார்த்து இவ்வளவு மகிழ்ந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் ஒரு துண்டு. கதவு ஒன்று, பொனட்டில் பாதி, கூரை. நல்ல தண்ணீர் என்றால் பைப் தண்ணீர், பைப் தண்ணீர் என்றால் நான்காம் மாடியில் என் சொந்தக் குளியலறையிலிருந்து வாளியில் கொண்டுவருவது. வியாழக்கிழமை லிப்ட் இரண்டாம் மாடியில் நின்றது. அக்கா உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார்.

"எங்க தம்பி, வாளியோட?"

"சும்மா, கீழ."

"தீர்மானத்தில என்ன எழுதியிருக்கிறீர்? எக்காரணம் கொண்டும்?"

"அது குழாயைப் பற்றியது அக்கா. இது வாளி."

"சட்டம் போட்டவர் நீர். உடைக்கிறதையும் வடிவா உடையும். நான் பாக்கேல்லை," என்று சொல்லி லிப்டின் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். சுவரில் கண்ணாடி இருந்தது. கண்ணாடிக்குள் இருவரும் மற்றவரைப் பார்க்காத மாதிரி கீழே வந்து சேர்ந்தோம். வெளியே போகும்போது ஒரு திறப்பை என் வாளிக்குள் போட்டுவிட்டுப் போனார். தண்ணீருக்குள் கைவிட்டு எடுத்தேன். பூட்டின் திறப்பு.

வெள்ளிக்கிழமை மாலை, வெயில் இறங்கிய பிறகு, கடைசிக் கழுவல். இந்த முறை மனைவியும் வந்தாள். முறையும் அவளுடையதுதான்: மேலிருந்து கீழாக, ஒரு நேரத்தில் ஒரு பகுதி, கழுவின கையோடு நல்ல தண்ணீர், அந்தக் கையோடு துவாய். நான் ஊற்ற, அவள் துடைத்தாள். ஒரு துளியும் தானாகக் காயக் கூடாது.

குனிந்து கதவின் கீழ்ப்பகுதியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. அவள் அண்ணனுக்கும் எனக்கும் இடையில் நடந்ததும் இதுதான். யாரும் யாரையும் அடிக்கவில்லை, ஏசவில்லை. அன்றைக்கு அந்தக் கதவோரம் போய் அவர் கையிலிருந்த ஹெல்மெட்டை நான் வாங்கி வைத்திருக்கலாம். அவரும் தந்திருக்கலாம். இருவரும் அதைக் காயவிட்டுவிட்டோம். ஈரமாக இருக்கும்போது ஒரு துணி போதும். காய்ந்த பிறகுதான் வினாகிரி தேவைப்படுகிறது. இதை மனைவிக்குச் சொல்லத் தொடங்கினேன்.

"தத்துவம் பிறகு," என்றாள். "அந்தப் பக்கம் காயுது."

சனிக்கிழமை காலை, முன்னெச்சரிக்கையாக ஒரு சின்ன நீலத் துவாயைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டேன். கடற்கரை வீதியால் போனால் உப்புத் தூறல் படும் என்று காலி வீதி நெரிசலால் ஊர்ந்து போனேன். அவர் வீட்டு வாசலில் நிறுத்தியதும் மனைவியின் அண்ணன் வெளியே வந்து, கோட் சூட்டோடு, காரை ஒரு சுற்றுச் சுற்றினார். பொனட்டில் அவர் முகம் தெரிந்தது. உள்ளே போய் ரிப்பனைக் கொண்டுவந்து தன் கையாலேயே கட்டினார்.

மணமகள் ஏறி உட்கார்ந்து, உடையை எல்லாம் சரிசெய்த பிறகு மூக்கைச் சுழித்தாள். "மாமா, கார் அச்சாறு மணக்குது."

"அது வாசனை," என்றேன். "கல்யாணக் காருக்கு ஸ்பெஷலா."

பக்கத்தில் இருந்த அவளுடைய அப்பாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலாகவும் இருக்கலாம். கண்ணாடியில் பார்த்தேன், அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்து எல்லோரும் கோயில் வாசலுக்கு வந்தபோது உச்சி வெயில். படம் எடுப்பவர் குடும்பத்தை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். அந்த நேரம் பாதர் கையில் ஒரு சின்னச் செம்போடும் தெளிப்பானோடும் நேரே காரை நோக்கி வந்தார்.

"இந்தக் கார் இன்னும் மந்திரிக்கல்லயாம்," என்றார் என்னிடம். "உங்க மச்சான் காலையிலேயே சொல்லி வச்சாரு."

நான் மனைவியின் அண்ணனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். தன் வீட்டு வாகனத்தைத்தான் ஒருவர் மந்திரிக்கக் கேட்பார். அது எனக்கு விளங்கியது. விளங்கிய அதே கணம் பாதர் செபத்தைச் சொல்லிக் கையை வீசினார். தீர்த்தம், துளித் துளியாக, வெயிலில் சுட்டுக்கொண்டிருந்த கறுப்புப் பொனட்டில் விழுந்தது. கூரையில் விழுந்தது. கண்ணாடியில் விழுந்தது. பாதர் தாராளமான மனிதர்.

என் வலது கை தானாகக் கால்சட்டைப் பைக்குள் போய்த் துவாயைப் பிடித்துக்கொண்டது. அங்கேயே நின்றது. அது பைப் தண்ணீரா, கிணற்றுத் தண்ணீரா என்று பாதரிடம் கேட்க முடியுமா? ஆசீர்வாதத்தைத் துடைத்தால் நான் யார்? துடைக்காமல் விட்டால், இன்னும் ஊர்வலம் இருக்கிறது, விருந்து ஹோல் வாசலில் படங்கள் இருக்கின்றன, பிள்ளை வெள்ளைப் புள்ளி போட்ட காரில் போய் இறங்குவாள். துளிகளின் விளிம்பு சுருங்குவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கையெடுத்துக் கும்பிடவும் செய்தேன், ஒரு கையால்.

பாதர் மணமக்களிடம் ஏதோ சொல்லத் திரும்பினார். அப்போது என் பக்கத்தில் ஒரு பெரிய கோட் சூட் வந்து, அவருக்கும் எனக்கும் இடையில் முதுகைக் காட்டி நின்றது.

"மச்சான்," என்றது, உதடு அசையாமல். "கெதியா தொடைங்க. பாதர் திரும்புறதுக்குள்ள."

நான் துடைத்தேன். பொனட், கண்ணாடி, கூரையின் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் என் கைக்கு எட்டவில்லை. அவர் என் கையிலிருந்து துவாயைப் பறித்து, தான் போய், சும்மா காரில் சாய்கிற மனிதர்போலச் சாய்ந்து, கூரையை ஒரே இழுவையில் துடைத்துவிட்டு வந்தார். கோயில் சபையில் முன்வரிசை மனிதர். காலையில் மந்திரிக்கச் சொன்னவரும் அவர்தான்.

"எல்லாரும் வாங்க, குடும்பப் படம்," என்று கூப்பிட்டார்கள்.

அந்தப் படம் இப்போது எங்கள் வரவேற்பறையில் இருக்கிறது, எங்கள் திருமணப் படத்துக்குப் பக்கத்தில். பின்னால் கார், கறுப்பாக, ஒரு புள்ளி இல்லாமல். மணமக்கள், மனைவி, நான். என் தோளோடு தோள் ஒட்டியபடி மனைவியின் அண்ணன், முழுக் கோட் சூட்டில், கையில் ஈரமான நீலத் துவாயோடு. படம் எடுப்பவர் இந்த முறையும், "அங்கிள், அதக் கீழ வச்சிட்டு வாங்க," என்று சொல்லத்தான் செய்தார். அவர் வைக்கவில்லை. கூரையின் பின்பக்கத்தில் இன்னும் இரண்டு துளி மிச்சம் இருந்தது. படம் எடுத்து முடிந்ததும் நேரே அங்கேதான் போனார்.